மாத்தளை மலைப்பாதைகளும் மோட்டார் வண்டியின் சுக்கானும்

மாசி மகத்தையொட்டி மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்பொழுது, வடம் பிடிக்கும் அடியார் கூட்டத்தின் வலிமை தேரை முன்னே செலுத்துகின்றது. ஆனால், வீதி வளையும் இடத்திலே தேரைத் திருப்புவது அவ்வலிமையன்று. சில்லின் அடியிலே உரிய கணத்தில், உரிய சாய்வில் சறுக்குக்கட்டை கொடுப்பவரின் கைத்திறனேயாகும். இயக்கும் ஆற்றல் வேறு, நெறிப்படுத்தும் ஆற்றல் வேறு என்னும் உண்மையை இதனினும் தெளிவாக விளக்கும் காட்சி பிறிதில்லை. மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோருட் பலர் இயந்திரத்தின் வலிமையையும் வேகத்தையுமே விரித்துரைத்தனர். வண்டியை நெறிப்படுத்தும் உறுப்பாகிய சுக்கானைப் பற்றியும், தேய்ந்த சுக்கானைத் தம் கையாலேயே திருத்தி மலைப்பாதையில் வண்டி ஓட்டிய மக்களைப் பற்றியும் எழுதப்பட்டவை மிகச் சில. மாத்தளை மாவட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதை வந்த வரலாறு

மாத்தளை, கண்டி மலைநாட்டின் வடக்கு வாயிலாகும். தெற்கே கண்டியிலிருந்து கட்டுகாஸ்தோட்டை, அக்குறணை வழியாக வரும் பெருந்தெரு பலகடுவைக் கணவாயைக் கடந்து மாத்தளைச் சமவெளியில் இறங்குகின்றது. அங்கிருந்து நாலந்தை, நாவுல, தம்புள்ளை என வடக்கு நோக்கிச் சென்று, ஈற்றில் யாழ்ப்பாணத்தை அடைகின்றது. இன்று ஏ9 என அழைக்கப்படுவது இப்பெருந்தெருவே. கிழக்கே எல்கடுவை, இரத்தோட்டை ஆகிய இடங்களுக்கு ஏறும் கிளைப்பாதைகள் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளை வளைந்து வளைந்து சுற்றுகின்றன. இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் வழியாக இலுக்கும்புறவுக்குச் செல்லும் பாதையிலே அடுக்கடுக்காக வரும் கொண்டையூசி வளைவுகளை அறியாத சாரதி இப்பகுதியில் இலர்.

இப்பாதைகள் தோன்றுமுன்னர் மலைநாட்டின் வாணிபம் தவளங்களை நம்பியிருந்தது. பொதிமாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் மேலேற, பாக்கும் பின்னாளிற் கோப்பியும் கீழிறங்கின. அதன்பின் இரட்டை மாட்டு வண்டி வந்தது. இரு சில்லுகளும் ஓர் அச்சும் உடைய அவ்வண்டிக்குச் சுக்கான் என்றொரு தனியுறுப்புத் தேவைப்படவில்லை. நுகத்திற் பூட்டிய மாடு திரும்ப, வண்டியும் உடன் திரும்பும். மாட்டின் கழுத்தே வண்டியின் சுக்கானாக இருந்தது.

பாதைகளின் வரலாறு மாத்தளையைப் பொறுத்தவரை இரத்தக்கறை படிந்த வரலாறாகும். 18 முதல் 55 வரையிலான வயதுடைய ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் பாதை வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்னும் சட்டம், தேசாதிபதி ரொறிங்ரன் பிரபுவின் காலத்தில் விதிக்கப்பட்ட வேறு பல வரிகளோடு சேர்ந்து, 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. அவ்வாண்டு யூலையிலே தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளையைக் கைப்பற்றிய கிளர்ச்சியாளரின் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு, ஓகஸ்ட் மாதத்திற் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அதே காலப்பகுதியிலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் காடுகளினூடாகத் தம்புள்ளைக்கும், அங்கிருந்து மாத்தளைக்கும் கால்நடையாக வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். எஞ்சியவர் கோப்பித் தோட்டங்களையும் அவற்றை அடைவதற்கான பாதைகளையும் அமைத்தனர். பின்னொரு காலத்தில் மோட்டார் வண்டி ஏறிய பாதைகள் அவர்களின் மண்வெட்டி திறந்த பாதைகளே என்பதை மறத்தல் தகாது.

1880ஆம் ஆண்டிலே கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப்பாதை நீண்டது, அங்கேயே முடிந்தது. ஆதலின், அதற்கு அப்பாலுள்ள தோட்டங்களும் கிராமங்களும் தெருவையே நம்பவேண்டியிருந்தன. இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் வண்டி மாத்தளையில் விரைந்து வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சுக்கானின் தத்துவம்

நான்கு சில்லு வண்டியைத் திருப்புவது தோற்றத்திலே எளிது, உண்மையிற் கடினம். வண்டி வளைவிலே செல்லும்போது உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் உருளுகின்றன. இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒன்று உருள, மற்றொன்று தெருவிலே இழுபடும். ஆகவே, உட்புறச் சில்லு கூடுதலாகவும் வெளிப்புறச் சில்லு குறைவாகவும் திரும்புதல் வேண்டும். குதிரை வண்டிகளுக்காக இந்த அமைப்பை மியூனிக் நகரத்து வண்டித் தச்சரான லங்கென்ஸ்பேகர் வகுத்தார். இலண்டனில் வாழ்ந்த அவருடைய முகவர் ருடொல்ப் அக்கர்மன் 1818ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். வகுத்தவர் பெயர் மறைய, பதிந்தவர் பெயரே நிலைத்தது. இன்றும் அது அக்கர்மன் அமைப்பு எனவே வழங்குகின்றது.

தொடக்ககால மோட்டார் வண்டிகளிலே படகின் சுக்கான்பிடி போன்ற நெம்புகோலே இருந்தது. 1894ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிலிருந்து றூவன் வரை நடைபெற்ற ஓட்டத்திலே வட்டமான சுக்கான் சில்லு பொருத்திய பனார் வண்டியொன்று கலந்துகொண்டது. பின்வந்த சில ஆண்டுகளுள் அவ்வமைப்பே உலக வழக்காயிற்று.

சாரதியின் கையிலுள்ள வட்டத்தின் சுழற்சியை முன்சில்லுகளின் திருப்பமாக மாற்றுதற்கு இரு வழிகள் சிறந்து விளங்கின. முதலாவது, பெட்டி முறை. தண்டின் நுனியிலுள்ள திருகுபுரி ஒரு முளையையோ பற்றுண்டத்தையோ தள்ள, அது நெம்புகோலை அசைக்க, அங்கிருந்து பல இணைப்புத் தண்டுகள் வழியாக அசைவு சில்லுகளைச் சென்றடையும். 1951இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ30, அதன் வழிவந்த ஏ35 ஆகியன இம்முறையைச் சார்ந்தவை. இரண்டாவது, பற்சட்ட முறை. தண்டின் நுனியிலுள்ள சிறிய பற்சில்லு, பற்களையுடைய நீண்ட சட்டமொன்றை இடமும் வலமுமாக நகர்த்தும். சட்டத்தின் இரு முனைகளும் சில்லுகளோடு நேரே தொடுக்கப்பட்டிருக்கும். உறுப்புகள் சில, மூட்டுகள் சில, ஆதலின் தேய்மானம் தோன்றும் இடங்களும் சில.

1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டனிலே ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் வெளியிடப்பட்ட மொறிஸ் மைனர் என்னும் சிறு கார் பற்சட்ட முறையைக் கொண்டிருந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி மிக ஒடுக்கமாக அமைந்துவிட்டதெனக் கருதிய அவர், அதனை நடுவே இரு பாதியாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பொருத்திப் பார்த்தே இறுதி அகலத்தைத் தீர்மானித்தார் என்பது அதன் வரலாற்றிற் சுவையான செய்தி. 1971இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையிற் பதினைந்து இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. அவற்றுட் பல இலங்கைக்கு வந்து ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர், வர்த்தகர் முதலியோரின் குடும்ப வண்டிகளாகவும் வாடகை வண்டிகளாகவும் பல்லாண்டு உழைத்தன.

தோட்டத்துப் பட்டறைகள்

கார் திருத்தும் கலை கார் வந்த பின்னரே தோன்றியதெனக் கொள்ளுதல் பொருந்தாது. அக்கலைக்கு நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது. கோப்பிக் கொட்டையைத் தோலுரிக்கும் பொறிகளுக்காக ஜோன் உவோக்கர் 1854இற் கண்டியிலே பொறியியற் பட்டறையொன்றை நிறுவினார். 1875இல் ஹற்றனிலே பிறவுண் கம்பனி தோன்றியது. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அதனிடத்தைப் பெற்றபோது, தோட்டந்தோறும் கொழுந்தை உருட்டவும் உலர்த்தவும் பொறிகள் நிறைந்த தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் பொருத்துநரும் கொல்லரும் கடைசல்காரரும் தேவைப்பட்டனர். அச்சைக் கடைந்து சீராக்குதல், வெண்கலப் புதை வார்த்துப் பொருத்துதல், தேய்ந்த பற்சில்லை நீக்கிப் புதியது வைத்தல் ஆகிய வேலைகள் தேயிலைப் பொறிக்கும் மோட்டார் வண்டிக்கும் பொதுவானவை. மாத்தளை போன்ற தோட்டப்புற நகரங்களின் திருத்தகங்கள் இம்மரபின் கிளைகளே எனக் கருதுவது பொருத்தமாகும்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வண்டியோடு வந்த கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதனை வாசிக்கவல்ல உரிமையாளரின் கையிற் பெரும்பாலும் கருவி இல்லை. கருவி பிடித்த தொழிலாளியால் அந்நூலை வாசிக்க இயலவில்லை. ஒருவர் வாசித்துச் சொல்ல, மற்றவர் படத்தைப் பார்த்துக் கழற்றும் கூட்டுறவிலேயே இவ்வறிவு நாட்டில் வேர்கொண்டது.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே கொரிய யுத்தத்தினால் இறப்பர் விலை உயர்ந்து நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி செழித்திருந்தது. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் அது கரையத் தொடங்கியது. 1960இன் பின்னர் இறக்குமதி படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அத்தியாவசியமற்றவை எனக் கருதப்பட்ட பொருள்களுள் தனியார் கார் முன்னிடம் பெற்றது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகியது. புதிய வண்டி அரிதாயிற்று, மாற்றுறுப்பும் அரிதாயிற்று. எனவே, 1950களிலே வந்திறங்கிய வண்டிகள் தமக்கென வகுக்கப்பட்ட ஆயுளைக் கடந்தும் ஓடவேண்டிய நிலை ஏற்பட்டது.

இந்நிலையிலே உரிமையாளர் தாமே கருவி ஏந்தினர். இயந்திரம் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும்; நின்ற வண்டியால் எவருக்கும் இறப்பு நேராது. சுக்கானின் நிலைமை அவ்வாறன்று. அது தேய்ந்த நிலையிலும் வண்டி ஓடும்; ஓடிக்கொண்டிருக்கும்போதே கைவிடும். பலகடுவையின் இறக்கத்திலோ இரத்தோட்டை வளைவிலோ கைவிட்டாற் பள்ளமே முடிவாகும். ஆகவே, சுக்கானைத் தானே திருத்த முனைந்தவர் சிக்கனத்தையும் உயிரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

நோயறியும் முறை

அக்காலத்தில் உருவான நல்ல வழக்கங்களுள் முதன்மையானது, கழற்றுமுன் ஆராய்தல். சுக்கான் சில்லை மெதுவாக இருபுறமும் அசைக்கும்போது முன்சில்லு அசையாது வீணாகும் தூரமே நோயின் முதற்குறி. அத்தளர்வு எங்கே உள்ளது என்பதைக் கண்டறிவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் சுக்கானை அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின்மீதும் விரல்வைத்துப் பார்ப்பார். ஒருபக்கம் அசைந்து மறுபக்கம் அசையாதிருக்கும் மூட்டே தேய்ந்த மூட்டு.

அடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான மரக்குற்றிகளின்மேல் நிறுத்தி, சில்லின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து அசைப்பர். ஆட்டம் இருப்பின் அது சில்லின் போல்பெயரிங்கிலிருந்தோ, சில்லுத் திரும்பும் அச்சாணியாகிய கிங் பின்னிலிருந்தோ எழுவதாகும். இரண்டையும் வேறுபடுத்துதற்கு ஓர் எளிய வழி உண்டு. மற்றவரைக் கொண்டு பிறேக்கை மிதிக்கச் செய்தால், பெயரிங்கின் ஆட்டம் மறையும். கிங் பின்னின் ஆட்டம் மறையாது. சில்லின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிடித்து அசைக்கும்போது தோன்றும் ஆட்டம் பெரும்பாலும் இணைப்புத் தண்டுகளின் பந்து மூட்டுகளுக்குரியது. வைத்தியர் நாடி பார்த்து நோயை வகுப்பது போன்ற இம்முறைக்கு இரண்டு கைகளும் பொறுமையும் போதும், பொருட்செலவு இல்லை.

மருந்தும் பத்தியமும்

பெட்டி முறைச் சுக்கானிலே தளர்வைக் குறைக்க ஒரு திருகாணி உண்டு. அதனை இறுக்கியவுடன் தளர்வு மறைவது கண்டு மகிழ்ந்தவர் பலர். அதனால் இடருற்றவரும் உளர். காரணம் இதுவாகும். வண்டி நேராக ஓடும் நேரமே மிகுதியாதலின் திருகுபுரியின் நடுப்பகுதியே மிகவும் தேய்கின்றது. இரு ஓரங்களும் புதியனபோல இருக்கும். நடுப்பகுதியின் தேய்மானத்துக்கு ஏற்ப இறுக்கினால், வளைவிலே முழுமையாகத் திருப்பும்போது ஓரப்பகுதி சிக்கிக்கொள்ளும். கொண்டையூசி வளைவிலே சுக்கான் சிக்குவதைவிட நேர்ப்பாதையிற் சிறிது தளர்ந்திருப்பது மேலானது. முழு இடமும் முழு வலமும் தடையின்றித் திரும்புகின்றதா எனப் பார்த்த பின்னரே பூட்டுச்சுரையை இறுக்குதல் வேண்டும்.

பற்சட்ட முறையிலே இத்தொல்லை குறைவு. ஆயின், அதற்குரிய பகை வேறு. சட்டத்தின் இரு முனைகளையும் மூடியுள்ள இறப்பர் உறைகள் வெடித்தால் உள்ளிருக்கும் எண்ணெய் ஒழுகிவிடும். மழைநீரும் மணலும் உட்புகுந்து பற்களை அரித்துவிடும். வடகீழ்ப் பருவமழையில் நனையும் மாத்தளை மலைச்சரிவுகளிலே இது விரைவில் நிகழக்கூடியது. உறை கிடையாத காலத்திற் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுவது போன்ற உபாயங்கள் கையாளப்பட்டன. புதிய உறை கிடைக்கும் வரையில் இவை பொறுக்கத்தக்கவை, நிலையான திருத்தமாகா.

பந்து மூட்டைக் கழற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் முளை கூம்பு வடிவினதாய், நெம்புகையின் துளையிலே இறுகப் பற்றியிருக்கும். முளையின் புரிமேல் நேரே அடிப்பவன் புரியைச் சிதைப்பான், மூட்டோ அசையாது. துளையைச் சூழ்ந்த இரும்பின் ஒரு பக்கத்திலே கனத்த சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கத்தில் மற்றொரு சுத்தியலால் ஓங்கித் தட்டினால் அதிர்ச்சியினாற் கூம்பு விடுபடும். பொருத்தும்போது சுரையினூடே செலுத்தும் பிளவாணி புதியதாக இருத்தல் வேண்டும். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பிளவாணியை மீண்டும் இடுவது சில சதங்களை மிச்சப்படுத்தி உயிரைப் பணயம் வைப்பதாகும்.

மொறிஸ் மைனர் வண்டிக்கு இவையனைத்தினும் முதன்மையான பத்தியம் கிறீஸ் ஏற்றுதலாகும். அதன் முன்சில்லுகளைத் தாங்கும் ஆணிகள் மேலும் கீழும் புரியிட்ட மூட்டுகளிலே திரும்புகின்றன. அங்கே கிறீஸ் வற்றினாற் புரி தேயும். தேய்மானம் எல்லை கடந்ததும் ஆணி மூட்டிலிருந்து பிடுங்குண்டு, சில்லு மடிந்து, வண்டி முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். உலகெங்கும் இவ்வண்டியை விரும்பியோர் அனைவரும் அறிந்த குறை இது. இதற்கு மருந்து மிக எளிது. சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, பாரம் நீங்கிய நிலையிலே கிறீஸ் ஏற்றினால், அது புரியின் எல்லாப் பக்கமும் பரவும். பாரத்தோடு ஏற்றினால் ஒருபக்கம் மட்டும் நிறைந்து, மறுபக்கம் வறண்டே இருக்கும். குறித்த காலத்திற் கிறீஸ் ஏற்றப்பட்ட வண்டிகள் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடின. ஏற்றப்படாதவை தெருவோரத்திற் சாய்ந்தன.

இறுதியாக, இரு முன்சில்லுகளின் நேர்மை. மொறிஸ் மைனரின் முன்சில்லுகள் முன்புறத்தில் ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் மூன்று பங்கு உள்நோக்கி நெருங்கியிருத்தல் வேண்டும் என்பது கைநூலின் விதி. திருத்தகத்துப் பொறி இல்லாதவர் ரயரின் நடுவிலே சோக்குக்கட்டியால் அடையாளமிட்டு, அச்சின் உயரத்திலே முன்பக்கத் தூரத்தை அளந்து, வண்டியை அரைச்சுற்று உருட்டி, அதே அடையாளங்களுக்கிடையிலான தூரத்தைப் பின்பக்கத்தில் அளந்து ஒப்பிட்டனர். தச்சன் நூலடித்து மரத்தின் நேர்மையை அறியும் அதே மரபுதான் இங்கும் கைகொடுத்தது.

இனி, செய்யத்தகாதது யாது? முறிந்த அல்லது வளைந்த இணைப்புத் தண்டையும் சுக்கான் நெம்புகையையும் நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்தலும் ஒட்டுதலும் செய்யத்தகாதன. உருக்கின் பதம் வெப்பத்தினாற் கெடும். ஒட்டின் அருகே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத் தோன்றும். பின்னொருநாள் முன்னறிவிப்பின்றி முறியும். மேற்புறம் பளபளப்பாக இருப்பினும் உள்ளே பதம் கெட்ட இரும்பு நம்பத்தக்கதன்று. தட்டுப்பாட்டின் பெயரால் இவ்வெல்லையைக் கடந்தவர்களை வரலாறு மெச்சவேண்டியதில்லை.

ஏ9 தெருவின் மறுமுனை

மாத்தளையினூடாகச் செல்லும் தெருவின் வடமுனையிலே இதே வரலாறு இன்னும் கடுமையான வடிவிலே நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் மாற்றுறுப்புகளும் செல்வது பொருளாதாரத் தடையினாற் கடுமையாகக் கட்டுப்பட்டது. நாற்பதாண்டுப் பழமை வாய்ந்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வண்டிகளும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. நோயாளிகளையும் கருவுற்ற தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை அவ்வண்டிகளே. புதிய உறுப்பு ஒன்றேனும் வாராத நிலையிலே அவற்றின் சுக்கானும் உள்ளூர்க் கைகளாலேயே காக்கப்பட்டது. மாத்தளையிலே செலாவணித் தட்டுப்பாடு கற்பித்த பாடத்தை யாழ்ப்பாணத்திலே யுத்தம் கற்பித்தது. எளிய அமைப்புடைய வண்டி, மாற்றுறுப்பின்மை, கைத்தொழில் மரபு என்னும் மூன்றும் ஒருங்கு சேரும் இடத்திலேயே இவ்வறிவு பிறக்கின்றது என்பதற்கு இவ்விரு முனைகளும் சான்றாகும்.

மரபின் தளர்ச்சி

1977இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. ஜப்பானிலே பாவிக்கப்பட்டுப் புதுக்கப்பட்ட வண்டிகள் பெருமளவில் வந்தன. பழையதைத் திருத்துவதினும் வேறொன்றை வாங்குவது எளிது என்னும் மனப்பான்மை வளரலாயிற்று. கைகளும் கலைந்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அதன்பின் தோட்டப்புறங்களிலிருந்து குடும்பங் குடும்பமாக மக்கள் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1983 யூலை வன்செயல்களிலே மாத்தளை நகரத்துத் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. முத்துமாரியம்மன் ஆலயமும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மக்கள் பெயரும்போது வீட்டுப் பொருளோடு கைத்தொழிலும் பெயர்கின்றது. சென்ற இடத்திலே அது முளைக்கலாம். விட்ட இடத்திலே அதன் வெற்றிடம் எஞ்சும்.

ஆயினும், மரபு முற்றாக அறுந்துபடவில்லை. இங்கிலாந்திலே பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுக்கி வந்த சார்ள்ஸ் உவெயர் என்பவர், நெடுங்காலம் உழைக்கும் காரே சிக்கனமான கார் என்னும் கொள்கையைப் பரப்பியவர். அவர் 1990களின் தொடக்கத்திலே இலங்கைத் தொழில் முயற்சியாளரான தனபால சமரசேகரவோடு இணைந்து மொறிஸ் மைனருக்குரிய உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்விக்கத் தொடங்கினார். இங்கே செய்யப்பட்டவை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஆண்ட நாடு அனுப்பிய வண்டிக்கு ஆளப்பட்ட நாடு உறுப்புச் செய்து கொடுத்தது. ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட திருத்தற்கலை உண்மையில் ஒரு செல்வம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் காருக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அவ்வைந்தாண்டும் பழைய வண்டிகளின் மதிப்பை உயர்த்தின. ஆனால், இப்போது பழையதாகும் வண்டி 1950களின் வண்டியன்று. மின்மோட்டாரும் உணரிகளும் கணினியும் உதவ இயங்கும் சுக்கானை, சோக்குக்கட்டியாலும் இரு சுத்தியலாலும் திருத்த இயலாது. அது பிழைபட்டால் விளக்கெரிந்து அறிவிக்கும். காரணத்தை அறியக் கணினி வேண்டும். தீர்வோ பெரும்பாலும் முழுப்பகுதியையும் மாற்றுவதாகும். சாரதியின் கைக்கு இலகுவாயிற்று; உரிமையாளரின் அறிவுக்கு எட்டாததாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு கேள்வி எழுகின்றது. தன் வண்டியைத் தானே திருத்திய அக்காலத்தை நற்காலமெனப் போற்றுதல் தகுமா? அக்காலத்து மக்கள் அதனை விரும்பித் தேர்ந்தவரல்லர். வேறு வழியின்றி ஏற்றவர். தட்டுப்பாடு திறமையை வளர்த்தது என்பது உண்மை. பதம் கெட்ட இரும்பைக் கொண்டு மலையேறும் துணிச்சலையும் அதுவே வளர்த்தது என்பதும் உண்மை. தட்டுப்பாட்டைப் போற்றாது, அது பயந்த அறிவை மட்டும் போற்றுதலே நடுநிலையாகும். அவ்வறிவின் சாரம் கழற்றுமுன் ஆராய்தல், காரணத்தைக் கண்டபின் கைவைத்தல், தன்னால் இயலாதது எது என்பதை அறிந்து நிறுத்துதல் என்னும் மூன்றில் அடங்கும். இவை பற்சட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல; கணினி பொருத்திய வண்டிக்கும் உரியன.

அவ்வறிவுக்கு நேர்ந்துள்ள இடரோ மறதியாகும். 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் அறிவியற் பாடங்களுக்குத் தமிழ்க் கலைச்சொற்களை வகுத்து வெளியிட்டது. பள்ளி மாணவர் பற்சில்லு, நெம்புகோல், உராய்வு எனப் படித்தனர். அதே ஊரின் திருத்தகத்திலே பினியன், டை றொட், கிங் பின் என வழங்கினர். நூலில் உள்ளவனுக்குச் சொல் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. பட்டறையில் உள்ளவனுக்குப் பொருள் தெரிந்தது, எழுதும் வாய்ப்பில்லை. இவ்விரு சொல்லுலகங்களும் சந்திக்காமையினாலேயே அரை நூற்றாண்டுக்காலத் தொழிலறிவு தமிழில் ஒரு நூலாகத் திரளவில்லை. அவ்வறிவைக் கையிலே கொண்டோர் இன்று முதியோர்.

மாத்தளைத் தெருக்களிலே எஞ்சியுள்ள பழைய வண்டிகள் ஒருநாள் ஓய்வுபெறும், அது இயல்பு. அவற்றை ஓடச்செய்த கைகளின் அறிவு அவற்றோடு ஓய்வுபெறவேண்டியதில்லை. கல்லூரிகளின் வரலாற்று மன்றங்கள் சாசனத்தையும் செப்பேட்டையும் தேடுவதோடு, தம் ஊர்த் திருத்தகத்துக்கும் ஒருமுறை சென்று, அங்கு வழங்கும் சொற்களையும் முறைகளையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். தேரின் வடத்தைப் பிடித்தவர்களை வரலாறு ஓரளவு அறியும். கட்டை கொடுத்துத் திருப்பியவர்களையும் அது அறிதல் வேண்டும்.